கறுத்த சில்லுகள்

ஒக்டோபர் 14, 1995. சனி

அத்தான் அக்காவின் காரைத் திருடிவிட்டார்.

வெளியில் சொன்னால், புருஷன் பெண்சாதியின் பொருளை எடுப்பது களவோ என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். களவுதான். காரை வாங்கியவள் ஜெகாக்கா. இந்தத் தீவு நகரத்தின் மற்ற முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வருடக்கணக்காகச் சட்டி கழுவி, சீட்டுப் போட்டு, அந்தச் சீட்டை எடுத்து வாங்கிய கார். பதிவு அத்தானின் பெயரில், ஞானேந்திரன் என்று. திறப்பு, காரை முடுக்கும் அந்த ஒற்றைச் சாவி, அதே ஞானேந்திரனின் காற்சட்டைப் பைக்குள். அக்கா இந்தக் கோடையில் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அது சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் திருநீறு படிந்து கிடக்கிறது. கும்பிடலாம். ஓட முடியாது.

மத்தியானம் அத்தான் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் குந்தியிருந்து காரின் நாலு சில்லுகளின் அலுமினிய ரிம்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார். காரோடு வந்த கறுத்த இரும்பு ரிம்கள் வடிவில்லையாம். வாங்கிய கிழமையே கழற்றி நிலத்தடிப் பேஸ்மென்றில் போட்டவர். விஜயதசமிக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தபோது ஐயர் வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொரு ரிம்மிலும் காய்ந்துபோய் இருக்கிறது. அதை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார்.

கீழ்வீட்டுக்காரன், பற்றிக் என்ற பிரெஞ்சுக்காரன், குப்பைப் பையோடு வந்தான். ஸ்நோ ரயர், பனியில் வழுக்காத ரயர், எப்போது போடப் போகிறாய் என்று கேட்டான். அத்தான் சிரித்து, "நெக்ஸ்ட் வீக்" என்றார். அவன் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"உவனுக்கு என்ன தெரியும்? இது எல்லாக் காலத்துக்குமான ரயர். அதிலையே எழுதிக் கிடக்கு."

"எழுதினவன் தை மாசத்திலை சென்ட்-ஆனுக்கு ஓடிப் பாத்தவனோ, அத்தான்?"

"நீ உன்ரை வேலையைப் பார், சிவாஜினி."

என்னுடைய வேலை சபனெல் தெருவில், தையல் தொழிற்சாலையில், ஆண்களின் காற்சட்டைக்குப் பொக்கற் தைப்பது. நாள் முழுக்க எத்தனை அத்தான்மாருக்குத் திறப்பு வைக்க இடம் செய்து கொடுக்கிறேனோ.

ஒக்டோபர் 20. வெள்ளி

முதல் உறைபனி. அக்கா இருட்டோடு பஸ்ஸுக்குப் போனாள். கார் வாசலில் நின்றது, கண்ணாடியெல்லாம் வெள்ளையாக. அத்தான் நித்திரை.

ஒக்டோபர் 22. ஞாயிறு

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். எனக்குத் தெரிய இதுதான் முதல் தடவை.

"இஞ்சேருங்கோ, பனி கொட்ட முதல் ரயரை மாத்துவமே? பேந்து காலமையிலை நான் கொண்டுபோகலாம். நீங்கள் எழும்ப முதல் போயிடுவன், நீங்கள் பின்னேரம் வேலைக்குப் போக முதல் வந்திடுவன். பிலோமினம்மாவையும் ஏத்திக்கொண்டு போகலாம்."

"உமக்கென்ன விசரே? ஆம்பிளையளே பனியிலை ஓடப் பயப்படுறாங்கள்."

"பயந்தால் ரயரை மாத்துங்கோவன்" என்றேன் நான்.

"இவளுக்கு ஆர் இவ்வளவு வாய் குடுத்தது?"

அக்கா எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள். என் வாயை அடைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.

பிலோமினம்மா எங்கள் கட்டிடத்தின் மேல்மாடி. அதே குசினியில் மரக்கறி வெட்டுகிறா. இரண்டு பேரும் இங்கே கார்ட்டியர்வில்லில் பஸ் ஏறி, மெற்றோ மாறி, மறுபடி பஸ் ஏறித் தீவின் மற்ற முனைக்குப் போகிறார்கள். போன பனிக்காலம் அக்கா பல தடவை பிந்திப் போனாள். குசினிக்குப் பொறுப்பான அக்னெஸ் இந்த வருடம் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

பனி வந்தால் பஸ் பிந்தும். பஸ் பிந்தினால் வேலை போகும். வேலையும் போனால் அக்காவிடம் அவளுடையது என்று ஒன்றுமே இருக்காது. வாசலில் அவளுடைய கார் நிற்க, அவள் பஸ்ஸுக்கு நின்று வேலையை இழப்பாள். இந்த வீட்டில் இது ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

நவம்பர் 2. வியாழன்

திங்கட்கிழமை இந்தப் பிரெஞ்சு மாகாணம் நாட்டை விட்டுப் பிரிவதா இல்லையா என்று வாக்கெண்ணினார்கள். மயிரிழையில் இல்லை என்று வந்தது. எனக்கு வாக்கே கிடையாது, ஆனாலும் பிரிய வேண்டும் என்றிருந்த பக்கத்து மெஷின்காரி செவ்வாய் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நான்தான் தோற்கடித்தேன் போல.

அதே திங்கட்கிழமைதான் ஊரில், ஆமி நெருங்க, சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருக்கிறது. மழைக்குள். பெரியம்மா வீட்டுக்காரரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அக்கா ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நித்திரையாகிப் போகிறாள்.

இதற்குள் நான் ரயர் கதையை எடுத்திருக்கக் கூடாதுதான். எடுத்தேன். காலையில் வானொலியில் பனி என்று சொன்னார்கள். ஊரில் என்ன நடந்தாலும் இங்கே பனி விழத்தான் போகிறது.

அத்தான் சொன்னார்: "ஊரிலை சனம் செருப்பும் இல்லாமல் நடக்குது. உங்களுக்கு ரயர் கேக்குதோ?"

நான் சொன்னேன்: "அலுமினிய ரிம் வாங்கேக்கை அந்தச் சனம் ஞாபகம் வரேல்லையோ?"

அக்கா அழுதாள். யாருக்காக என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்காக இருக்கலாம். ஆனால் சொன்னதை நான் திருப்பி எடுக்க மாட்டேன். அவ்வளவு சனத்தின் துன்பத்தையும் தூக்கி அக்காவின் வாயில் அடைக்கிறார். அதைவிட என்ன கேவலம்?

நவம்பர் 11. சனி

இன்று மாற்றிவிட்டோம்.

அத்தான் நேற்றே தன் சிநேகிதன் நகுலேஸ்வரனின் வான் வண்டியில் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். நகுலேஸ்வரனின் மகளுக்கு இந்த மாதக் கடைசியில் சாமத்தியவீடு, பெரியபிள்ளை ஆனதற்கான சடங்கு. நகையும் மணவறையும் வாடகைக்கு எடுக்க ஆண்கள் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். காரின் திறப்பு மற்றக் காற்சட்டையில் கிடந்தது. நான்தான் கண்டேன்.

ஸ்நோ ரயர் நான் வாங்கியது. பற்றிக்கின் மச்சான் பழைய கார் உடைக்கிற இடம் வைத்திருக்கிறான். அங்கே இன்னும் தேயாத, நல்ல பூ உள்ள ரயர்களாகப் பொறுக்கி எடுத்து, எங்கள் கறுத்த இரும்பு ரிம்களில் ஏற்றி, பற்றிக்கின் ட்ரக்கில் கொண்டுவந்தோம். அக்காவுக்குச் சொல்லவில்லை. காலையில் ஒழுங்கைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். உள்ளே போனாள். பிறகு சேலையை மாற்றிவிட்டு என்னுடைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பற்றிக் ஒரு சில்லுக்கு மட்டும் செய்து காட்டினான். நட்டுகளை நிலத்தில் நிற்கும்போதே இளக்கிவிட வேண்டும், பிறகுதான் ஜக்கில் உயர்த்த வேண்டும். மீதியை அக்கா செய்தாள். நட்டு அசையவில்லை என்றதும் சாவிக்கோலின் மேல் ஏறி நின்று குதித்தாள். ஜெகாக்கா. கோயிலில் கூடச் சத்தம் போட்டுக் கும்பிடாதவள்.

மேல்மாடியிலிருந்து பிலோமினம்மா எட்டிப் பார்த்தா.

"ஜெகா, உதென்ன வேலை? வீட்டிலை ஆம்பிளையள் இல்லையோ?"

"இருக்கினம் அம்மா. ரொறன்ரோவிலை நகை பாக்கினம்" என்றேன்.

"உன்னைக் கட்டப்போறவன் பாவம்."

"அவனுக்கும் ரயர் மாத்தப் பழக்குவன்."

"சரி, சரி. உந்த நட்டுகளை நிலத்திலை போடாதையுங்கோ, துலைஞ்சு போம்." கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய அலுமினியச் சட்டியோடு கீழே இறங்கி வந்து, நட்டுகளை அதற்குள் பொறுக்கிப் போட்டுக்கொண்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றா.

கண்ணாடி கழுவும் தாங்கிக்குள் அத்தான் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். ஊரில் காருக்கு ஊற்றியது போல. அதை முழுக்க அடித்து முடித்துவிட்டு உறையாத நீலத் தண்ணீரை ஊற்றினோம். பின் பெட்டிக்குள் பனி அள்ள ஒரு சவள், ஒரு மண் பை, பழைய போர்வை, பனி தட்டும் தூரிகை.

பிறகு அக்கா ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கோவான் தெருவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தோம். கார் நின்ற பிறகும் இறங்கவில்லை.

"குளிருதே?" என்று கேட்டேன்.

"இல்லை. கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

நவம்பர் 13. திங்கள்

அத்தான் வந்ததும் இருக்கையைத்தான் முதலில் கண்டிருக்கிறார். முழங்கால் இடித்ததாம். பிறகு சில்லு.

"இதென்ன, பிச்சைக்காரன்ரை கார் மாதிரிக் கிடக்கு. நகுலேஸ்வரன்ரை பெட்டையை இந்தக் காரிலைதான் சடங்கு ஹோலுக்கு ஏத்திக்கொண்டு போறதெண்டு சொல்லிப்போட்டன். கறுத்த இரும்போடையோ போறது?"

அக்கா: "அதும் இதோடையே முடியட்டும். பேந்தும் இதையே விடுவம்."

"நீர் எனக்குச் சொல்லித் தாறீரோ?"

அத்தான் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே பின்னேரம் பின்னேரம் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்குகிறார். அங்கே ஒருவனுக்கும் அவருடைய பெயர் வாயில் வராது. கலியாண வீடுகளில் மட்டும் "ஞானத்தின்ரை கார் வந்திட்டுது" என்று சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பல்துலக்கி. எனக்கு விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக அக்காவை நெடுஞ்சாலையில் வழுக்க விட முடியாது.

நவம்பர் 19. ஞாயிறு

கழற்றிவிட்டார். அலுமினியம் திரும்ப ஏறிவிட்டது. கறுத்த சில்லுகள் பேஸ்மென்றில், கம்பிக் கூண்டுக்குள். புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். எங்களிடமிருந்து பூட்டுகிறார்.

நவம்பர் 25. சனி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாதா? சிரிப்பேன்.

சாமத்தியவீட்டு மண்டபம் ரொக்ஸ்பரோவில். வாசலுக்குப் போக ஒரு சின்ன ஏற்றம். காலையிலிருந்து பனி. ரோசாப்பூவும் ரிபனும் கட்டிய காரில் பிள்ளையை உட்காரவைத்து, தாலிக்கொடி அளவுக்குச் சங்கிலி போட்ட மாமிமார் இருவரை ஏற்றி, அத்தான் கோட் சூட்டோடு ஓட்டி வந்தார். நாதஸ்வரம் கசெற்றில். வீடியோக்காரன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தான்.

கார் ஏற்றத்தில் பாதி ஏறியது. சில்லு சுற்றியது. நின்றது. பிறகு, மெதுவாக, ரோசாப்பூவோடு, பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. வேட்டி கட்டிய மாமாமார் ஓடிப்போய்த் தள்ளினார்கள். ஒருவரின் சப்பாத்து பனிக்குள் புதைந்து அவர் வெறும் சொக்ஸோடு நின்றார். கார் ஒழுங்கை ஓரப் பனிக்குவியலில் பின்புறத்தைச் செருகிக்கொண்டு நின்றது.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளை கதவைத் திறந்து, பட்டுச் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே மேலே போனது. அது ஒன்றுதான் சிரித்தது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "இண்டைக்குச் சின்ன ஏத்தம்" என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

நவம்பர் 27. திங்கள்

காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ரயர் இல்லை. கண்ணூறும் இல்லை. நாங்கள்.

நகுலேஸ்வரன் வீட்டில் கூடிப் பேசியிருக்கிறார்கள். விஜயதசமிக்குப் பூசை செய்த சில்லைக் கழற்றியது பிழையாம். அதுவும் பொம்பிளையள் கழற்றியது. அன்றைக்குச் சுத்தமாக இருந்தார்களோ என்னவோ என்று யாரோ கேட்டாராம். அத்தான் அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து, என் முன்னால், அக்காவிடம் கேட்டார்.

"அண்டைக்கு நீர் குளிச்சு முழுகித்தானே இருந்தனீர்?"

அக்கா கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள்.

பதிலை நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அத்தான் என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். வாடகையில் பாதி நான் கட்டுகிறேன், பாதி வீட்டை விட்டுப் போகிறேன், எந்தப் பாதி என்று சொல்லுங்கோ என்றேன்.

டிசம்பர் 6. புதன்

பஸ் வரவில்லை. அக்கா பிந்திவிட்டாள். அக்னெஸ் சத்தம் போடவில்லையாம்; நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாளாம். அது சத்தத்தை விட மோசம்.

டிசம்பர் 14. வியாழன்

பெரும் பனி. அக்கா விடியவே அத்தானை எழுப்பினாள். "கொண்டுபோய் விடுங்கோ, இல்லாட்டி வேலை போயிடும்." வந்தார். அது உண்மை, புறுபுறுத்தாலும் வந்தார். பிலோமினம்மா பின்னால் ஏறினா.

நடந்ததை அக்கா சொல்லவில்லை. பின்னேரம் வந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். பிலோமினம்மாதான் எங்கள் குசினிக் கதிரையில் கோட்டோடு இருந்து சொன்னா.

"பிள்ளை, நான் செபமாலையை எடுக்க முதல் கார் சுத்தீட்டுது. நாப்பதாம் ரோட்டிலை, வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். முன்னாலை லொறி வருது. உன்ரை அத்தான் ரெண்டு கையையும் விட்டுட்டு முருகா எண்டு கண்ணை மூடீட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, இவள்தான் எட்டி ஸ்ரியறிங்கைப் பிடிச்சு வெட்டினவள். கார் ஓரத்துப் பனிக்குள்ளை போய் விழுந்துது. லொறி ஹோர்ன் அடிச்சுக்கொண்டு பக்கத்தாலை போகுது. நான் மாதாவைக் கூப்பிடுறன், அவர் முருகனைக் கூப்பிடுறார். இவள் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

அக்கா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சின்னதாக நறுக்கத் தேவையில்லை.

காரை இழுத்தெடுக்கும்வரை நின்று, நனைந்து, பிந்தித்தான் போயிருக்கிறார்கள். அக்னெஸ் அக்காவுக்குத் துவாய் கொடுத்தாளாம். கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: நாளைக்கு வீட்டில் நில், ஆறுதல் எடு. ஆனால் திங்கட்கிழமை நேரத்துக்கு வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம்.

டிசம்பர் 15. வெள்ளி

அத்தான் ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். சில்லுகளுக்குக் கீழே வைத்து ஏற்றி நசிக்க. பின் ஒழுங்கையில் பூட்டி நின்ற காருக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்தவர் கனநேரம் இருந்துவிட்டார். திரும்பிப் போனபோது பழமெல்லாம் உறைந்து கல். ஏற்றினார். நசியவில்லை. சில்லு பழத்தில் வழுக்கியது.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுசனுக்கும் பயம்தான். பயத்தை ஒத்துக்கொள்வதை விட எலுமிச்சம்பழம் வாங்குவது லேசு.

டிசம்பர் 17. ஞாயிறு

மத்தியானம் நகுலேஸ்வரன் வந்து அத்தானைத் தன்னுடைய வானில் கூட்டிப்போனார். சாமத்தியவீட்டு வீடியோ வந்துவிட்டதாம். கார் வழுக்கிய ஏற்றத்தை அதிலிருந்து வெட்டியாயிற்றாம்.

அந்த வான் தெருமுனையில் மறைந்ததும் அக்கா என்னுடைய ஜீன்ஸைக் கேட்டாள். கீழே போய்ப் பற்றிக்கின் கதவைத் தட்டினாள். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதை விட மோசம். கையால் வெட்டிக் காட்டினாள். அவன் கம்பி வெட்டுகிற பெரிய குறட்டையும் ஜக்கையும் கொடுத்துவிட்டு, உதவிக்கு வரட்டா என்று கேட்டான். "மெர்சி, இல்லை" என்று நன்றி சொல்லி மறுத்தாள்.

பேஸ்மென்ற் கூண்டின் பூட்டு ஒரே நெரிப்பில் விழுந்தது.

நான் சில்லை உருட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான். குளிரில் இரும்பு விரலைப் பிடித்துக்கொள்கிறது. கையுறை போட்டால் நட்டுப் பிடிபடவில்லை. கழற்றினால் விரல் மரத்துப் போகிறது. பிலோமினம்மா கேளாமலே சட்டியோடு வந்து நின்றா. அன்றைக்குப் போல ஒரு நையாண்டியும் இல்லை.

கழற்றிய அலுமினியச் சில்லுகளை அக்கா பழைய படுக்கை விரிப்பில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். சந்தனப் பொட்டு அழியாமல். கூண்டுக்குள் அடுக்கிவிட்டு, பூட்டாமல் வந்தாள்.

"ஏனக்கா உதுக்கு இவ்வளவு மரியாதை?"

"அது அவரின்ரை."

பொழுதுபட அத்தான் வந்தார். காரைப் பார்த்தார். சத்தம் வரும் என்று நான் குசினியில் ஆயத்தமாக நின்றேன். வரவில்லை. முகம் கழுவினார், சாப்பிட்டார், படுக்கப் போனார். திறப்பு இருந்த காற்சட்டையைக் கதிரையில் போடாமல், மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாராம். அக்கா சொன்னாள்.

டிசம்பர் 18. திங்கள்

இன்னும் விடியவில்லை. கட்டிலில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது, குசினி தெரிகிறது.

நான் எழும்பி வெளியில் போகத்தான் பார்த்தேன். அக்கா வாசலில் மறித்தாள். "நீ உள்ளை இரு. இண்டைக்கு நான் கதைக்கிறன்." சரி என்றேன். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

காரின் பனியை ஏற்கெனவே தட்டிவிட்டு வந்துவிட்டாள். கோட்டின் தோளில் இன்னும் வெள்ளை. சப்பாத்தும் போட்டாயிற்று. சாமித் தட்டுக்குப் போனாள். பிள்ளையாரைக் கும்பிட்டாள். படத்துக்குப் பின்னால் கையை விட்டு லைசென்ஸை எடுத்து, திருநீற்றை ஊதிவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

அத்தான் எழும்பி இருக்கிறார். இந்த நேரத்தில் அவரை நான் கண்டதே இல்லை. சாரத்துக்கு மேல் ஜக்கெற். குசினி மேசையில் தேத்தண்ணி. ஒரு கை கோப்பையில். மற்றக் கை மடியில், எதையோ பொத்தியபடி.

படியில் பிலோமினம்மாவின் குரல்: "ஜெகா, நீ ஓட்டினால்தான் நான் ஏறுவன். இல்லாட்டி இப்பவே சொல்லு, பஸ்ஸுக்குப் போறன்."

"நில்லுங்கோ அம்மா, வாறன்."

அக்கா மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். கையை நீட்டுகிறாள். விரல் நுனியெல்லாம் நேற்றைய கறுப்பு; கழுவியும் போகவில்லை.

"திறப்பைத் தாங்கோ."

அத்தான் கோப்பையைப் பார்க்கிறார். குடிக்கவில்லை.

அக்காவின் கை நீட்டினபடியே இருக்கிறது. நானாக இருந்தால் இந்நேரம் பத்து வசனம் பேசியிருப்பேன். அவளுக்கு ஒன்று போதும் போல. கொஞ்சம் உரத்துச் சொல்கிறாள், படியில் நிற்கிற பிலோமினம்மாவுக்கும் கேட்க.

"என்ரை காரின்ரை திறப்பைத் தாங்கோ."